திராபுக்கில் திரும்பியவள்

கயிலாய மலையை நான் சுற்றி வரவில்லை. 2019-இல் போனேன். மானசரோவர் கரையில் தங்கினேன். அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். யமத்வாரில் நடையைத் தொடங்கினேன். இதுவரைக்கும் நிஜம். முதல் நாள் நடை முடிகிற திராபுக்கிலிருந்து மறுநாள் காலை என்னைக் குதிரையில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டோல்மா லா கணவாயை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் திருச்சியில் எங்கள் தெருவிலும், திருவாசக முற்றோதல் குழுவிலும், நான் பேசப்போன கோயில் மண்டபங்களிலும் பரிக்ரமாவை முடித்து வந்தவளாகத்தான் என்னைத் தெரியும். அப்படித் தெரியும்படி நடந்துகொண்டவள் நானேதான்.

பொய்யோடு நின்றிருந்தால் அது என் பாடு, சிவன் பாடு. நான் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் யோசனை சொன்னேன். எழுத வேண்டியிருப்பது அதைப் பற்றி.

வழி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் நடத்தும் யாத்திரை ஒன்று உண்டு. வெளியுறவு அமைச்சகம் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கலில் ஆள் எடுக்கும். லிபுலேக் வழியாகவோ நாது லா வழியாகவோ அனுப்பும். வயது 18-லிருந்து 70 வரை, உடல் நிறைக் குறியீடு 25-க்குள், டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. லிபுலேக் வழியில் போனால் குஞ்சியில் மறுபடியும் ஒரு பரிசோதனை. அங்கே ரத்த அழுத்தம் ஏறியிருந்தால், நீங்கள் எத்தனை பதிகம் மனப்பாடமாகச் சொன்னாலும் வீட்டுக்குத்தான். என் எடைக்கு அந்த வாசல் திறக்காது. அதனால் நேபாளம் வழியாகப் போகும் தனியார் குழுவில் சேர்ந்தேன். அவர்களும் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். தெரிந்த டாக்டர் ஒருவர், நான் நாற்காலியில் உட்காருவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நானும் அவரிடம் மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பதைச் சொல்லவில்லை.

காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் உயரம். எல்லை தாண்டியதும் வரும் கேருங் 2,800 பக்கம். அதற்கடுத்த ராத்திரி தங்கும் சாகா 4,500. மானசரோவர் அதற்கும் சற்று மேலே. மூவாயிரத்தைத் தாண்டிய பிறகு, தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கேருங்கிலிருந்து சாகாவுக்கு நாங்கள் ஒரே பகலில் 1,700 மீட்டர் ஏறினோம், அதுவும் பேருந்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் சாப்பிட்டுக்கொண்டு. கால் வலிக்காததால் ஏறினதே தெரியவில்லை.

இதற்காகச் சுற்றுலா நிறுவனத்தை மட்டும் திட்ட எனக்கு வாயில்லை. கேருங்கில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கவைத்து உடம்பைப் பழக்கிக் கூட்டிப்போகும் திட்டமும் இருந்தது. நாளும் கூட, பணமும் கூட. பேத்தி பிறந்தநாளுக்குள் திரும்பிவிட வேண்டுமென்று குறைந்த நாள் திட்டத்தைத் தேடிப் பிடித்தவள் நான். அதிலும் பேரம் பேசி ஐயாயிரம் குறைத்தேன்.

சாகாவில் இறங்கியதுமே தலைவலி. சோறு இறங்கவில்லை. குழுவின் சமையல்காரர்கள் அந்தக் குளிரிலும் ரசம் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்து வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியில் ஒதுங்குவதற்கு ஒரு புதர்கூடக் கிடையாது. வண்டி நின்றால் இரண்டு பெண்கள் சால்வையைத் தூக்கிப் பிடிக்க, ஒருத்தி உட்கார வேண்டும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து நான் தண்ணீரையே குறைத்துவிட்டேன். அந்த உயரத்தில் தண்ணீரைக் குறைப்பது உடம்பை இன்னும் நோகவைக்கும் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்கள். எங்கள் வண்டியில் பெண்கள் அநேகமாக எல்லோரும் இதைத்தான் செய்தோம். ஊருக்கு வந்து யாரும் இதைப் பேசவில்லை.

சாயங்காலமானால் ஷெர்பாப் பையன் அறை அறையாக வருவான். ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர். ‘சர் தர்த், அம்மா?’ என்பான். தலைவலி இருக்கிறதா என்று கேள்வி. எங்கள் அறையில் அதற்கு ஒரே பதில்: ‘ஓம் நமசிவாய.’ தலைவலி என்றால் நடைக்கு முன் தங்கும் டார்ச்சனிலேயே உட்காரவைத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாள் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து விரலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பையன் கதவைத் தட்டும்போதே வேகமாக, ஆழமாகப் பத்து மூச்சு. பிறகு விரலை நீட்ட வேண்டும். கருவியில் 74 காட்ட வேண்டிய இடத்தில் 83 காட்டும். பையன் குறித்துக்கொண்டு போய்விடுவான். ஒரு நிமிடம் கழித்து எண் பழையபடி விழுந்துவிடும், அப்போது அவன் அடுத்த அறையில் இருப்பான். நான் பரீட்சை ஹாலில் பிட் பிடித்த தமிழாசிரியை. அந்த வித்தையில் தேர்ந்தது ஒரே நாளில்.

திராபுக் 5,000 மீட்டரை ஒட்டிய உயரம். அங்கிருந்துதான் கயிலையின் வடக்கு முகம் மிக அருகில் தெரியும். சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்ததைப் பார்த்தேன், அழுதேன். அதில் பொய்யில்லை. ராத்திரி படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விட்டது. விடியற்காலையில் இருமினால் நெஞ்சுக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம். கையைத் தேய்க்கவும் தெம்பில்லை. பையன் மாட்டிய கருவி 62 என்றது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. ‘அம்மா, நீச்சே’ என்றான். கீழே. நான் அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். இருபது வயது இருக்கும் அவனுக்கு. அசையவில்லை. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியவளை 5,600 மீட்டருக்கு மேலிருக்கும் டோல்மா லாவுக்கு, கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் கிடைக்கும் இடத்துக்கு, ஏற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத்தான் நான் உயிரோடு இருப்பதற்குக் கடன்பட்டிருக்கிறேன். என் சொற்பொழிவுகள் எதிலும் அவன் வரவே மாட்டான்.

டார்ச்சனில் என்னைப் போலத் திரும்பியவர்கள் நிறையப் பேர். எங்கள் குழுவில் பாதிக்கு மேல். சிலர் யமத்வாரிலேயே நின்றுவிட்டவர்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுற்றி முடித்தவர்கள் வந்தபோது அவர்கள் காலில் விழுந்தோம். அவர்களில் ஒருவர் குழுவுக்குப் புகைப்படங்கள் அனுப்பினார். டோல்மா லாவில், காற்றில் அடித்துக்கொள்ளும் வண்ணக் கொடிகளின் முன்னால் நாலைந்து பேர். நிறுவனம் எல்லோருக்கும் ஒரே சிவப்பு டவுன் ஜாக்கெட் கொடுத்திருந்தது. எல்லோர் முகத்திலும் குரங்குக் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும். இடமிருந்து இரண்டாவது ஆள் என் உயரம்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கியபோது மாலையோடு சொந்தங்கள் நின்றார்கள். என்னைவிட மூத்தவர்கள் குனிந்து காலைத் தொட்டார்கள். ‘சுத்தி வந்தாச்சா?’ என்று யாரோ கேட்டார்கள். நான் தலையசைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. அடுத்த வாரம் அந்தப் புகைப்படத்தைக் காட்டி ‘இது நான்’ என்று சொன்னதுதான் திட்டம் போட்டுச் சொன்னது.

2020-இல் எல்லை மூடப்பட்டது. ஐந்து வருஷம் இந்தியர் யாரும் அங்கே போக முடியவில்லை. போய் வந்தவர்களின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. மண்டபங்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அப்பர் கயிலைக்குப் போன கதையை நான் நன்றாகச் சொல்வேன். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உருண்டு போனார். முனிவர் வடிவில் வந்த சிவன் திரும்பிப் போ என்றபோதும் மீளமாட்டேன் என்றார். இந்த இடத்தில் நிறுத்துவேன். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. அப்பர் அங்கிருந்த ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது காவிரிக் கரையில், மலையைத் தொடாமலே. ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் இன்றைக்கும் கொண்டாடுவது அந்தக் காட்சியைத்தான். அதை ஒரு வரியில் கடந்துவிடுவேன். திரும்பியவரின் கதை எனக்கு வசதிப்படவில்லை.

கேட்க வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரித்தேன். ‘கயிலை யாத்திரை – சில அனுபவக் குறிப்புகள்’. கையுறை இரண்டு ஜோடி, காய்ந்த நெல்லிக்காய், உதட்டுக்குக் களிம்பு. இவற்றால் கெடுதல் இல்லை. மூச்சுத் திணறினால் பச்சைக் கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகும் என்று எழுதியிருந்தேன். கற்பூரம் மூக்கடைப்பு விட்டமாதிரி தோன்றவைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைத் துளிகூடக் கூட்டாது. டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது என்று எழுதியிருந்தேன். அது உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் மாத்திரை, காப்புக் கயிறு இல்லை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ‘மன உறுதி இருந்தால் மலை வழிவிடும்’ என்று கடைசி வரி. தடித்த எழுத்தில்.

தாளில் எழுதாத ஒன்றை நெருங்கியவர்களுக்கு மட்டும் காதோடு சொன்னேன். கையைத் தேய்க்கிற வித்தை.

என் நாத்தனார் 2025 ஜூனில் போனாள். எல்லை திறந்த முதல் வருஷம். அறுபத்தொரு வயது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை, தினமும் மலைக்கோட்டை ஏறி இறங்குகிறவள். ‘அண்ணி, நீங்க போயிட்டு வந்த உடம்போட ஒப்பிட்டா நான் பயில்வான்’ என்று சிரித்தாள். புறப்படும் முன் எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டாள். தலைவலி வந்தால் வெளியே சொல்லாதே, நிறுத்திவிடுவார்கள் என்றேன். வித்தையையும் செய்து காட்டினேன்.

அவள் சாகாவில் கையைத் தேய்த்தாள். மானசரோவரில் தேய்த்தாள். திராபுக்கில் காலையில் எழுந்தவளுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை. வழிகாட்டி தரையில் ஒரு கோடு காட்டி, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து நடக்கச் சொன்னாராம். இரண்டாவது அடியில் சாய்ந்துவிட்டாள். மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் போவது இந்த நடைதான். டெக்சாமெத்தசோன் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஜீப்பில் டார்ச்சனுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. நம்மூர் மலையென்றால் ஒரு மணி நேரத்தில் அடிவாரம். திபெத்தில் அடிவாரமே இல்லை. டார்ச்சனே 4,600 மீட்டர் பக்கம். வந்த வழியே சாகாவுக்குப் போனால் நாள் முழுக்க ஓட்டியும் 4,500-லேயே இருக்கலாம். அவளைத் தக்லாகோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது 3,900 வாக்கில். அங்கிருந்து எல்லை தாண்டி நேபாளத்தின் ஹில்சா. ஆனால் எல்லை தாண்டுவதற்குள் ஒரு சிக்கல். தனியார் குழுவுக்குச் சீனா கொடுப்பது குழு விசா. ஒரே காகிதத்தில் எல்லோர் பெயரும் வரிசை எண்ணோடு இருக்கும். குடியேற்றச் சோதனையில் அந்த வரிசைப்படிதான் நிற்க வேண்டும். அதிலிருந்து ஒருத்தியை மட்டும் பிரித்து வேறு எல்லை வழியாக அனுப்ப வேண்டுமென்றால் தனியாகக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் வரும்வரை அவள் காத்திருந்தாள். ஹில்சாவில் மேகம் விலகும்வரை காத்திருந்தாள். அங்கே மேகம் விலகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 ஜூலையில் பார்த்தோம். ஹில்சாவிலும் சிமிகோட்டிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் மாட்டிக்கொண்டு, தூதரகம் தமிழில் பேசவே தனித் தொலைபேசி எண் வைக்க வேண்டியிருந்தது. நாத்தனாருக்கு மேகம் விலகியது. ஹெலிகாப்டரில் சிமிகோட், பிறகு விமானத்தில் நேபாள்கஞ்ச் ஆஸ்பத்திரி. காப்பீட்டு நிறுவனம் ஹெலிகாப்டர் செலவைத் தரவில்லை. பாலிசியில் உயர வரம்பு போட்டிருந்தது. அதைப் படித்துப் பார்க்கும்படியும் நான் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

பிழைத்து வந்தாள். அவளைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்குக் கொடுத்துவைக்கல அண்ணி. உங்களை அவன் கூப்பிட்டான், என்னைத் திருப்பி அனுப்பிட்டான். நான் என்ன பாவம் பண்ணினேனோ’ என்றாள்.

நான் அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘என்னையும்தான் திருப்பி அனுப்பினார்கள்’ என்று ஒரு வாக்கியம். அவள் மகன் காபி கொண்டுவந்தான். சர்க்கரை போதுமா என்று கேட்டான். போதும் என்றேன். காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மலையில் மூச்சுக்குப் பயந்து செய்ததையும், ஜங்ஷனில் மாலையைப் பார்த்துச் செய்ததையும் பலவீனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டில் நான் பேசாமல் இருந்ததற்குப் பெயர் வேறு. தன் மேல் பாவப் பழியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி அழும்போது, என் பொன்னாடை கசங்காமல் இருக்க வேண்டுமென்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சொன்னேன். ஆடி அமாவாசை கழிந்த பிறகு, அவள் வீட்டுக்கே போய். எதையும் விடாமல் சொன்னேன்.

‘அப்ப அந்த போட்டோ?’ என்றாள்.

‘அது வேற யாரோ.’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: ‘இறங்கமாட்டேன்னு அந்த கைடுகிட்ட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன் தெரியுமா. எங்க அண்ணியே சுத்தி வந்திருக்காங்கன்னு சொல்லிச் சொல்லி.’ எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் மகன்தான் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினான். அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்தால் ‘வாங்க’ என்கிறாள். அண்ணி என்று சேர்ப்பதில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. திபெத்தியர்களுக்கு 2026 குதிரை ஆண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும். அந்த ஆண்டில் கயிலையை ஒருமுறை சுற்றினால் பதின்மூன்று முறை சுற்றியதற்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கணக்கை நம் ஊர் விளம்பரங்களும் பிடித்துக்கொண்டன. முற்றோதல் குழுவிலேயே சிலர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். என்னிடம் குறிப்புத் தாள் கேட்டு வருகிறார்கள்.

அவர்களிடம் இப்போது நான் சொல்வது வேறு. பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: கேருங்கில் எத்தனை ராத்திரி? ஆக்சிஜன் சிலிண்டர் நம்மோடு வருமா, டார்ச்சன் கிடங்கில் இருக்குமா? ஒருவர் நடுவில் திரும்ப வேண்டுமென்றால் கூட யார் வருவார், விசாவிலிருந்து பிரிக்கும் காகிதத்துக்கு யார் அலைவார்? திரும்பு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ‘அதெல்லாம் ஒன்னும் ஆகாதுங்க, சிவன் பார்த்துப்பார்’ என்று பதில் வந்தால் அந்த நிறுவனம் வேண்டாம். காப்பீட்டில் உயர வரம்பைப் படியுங்கள். பெண்கள் தண்ணீர் குடியுங்கள். சால்வை பிடிக்க ஆள் இருக்கிறது. சாயங்காலம் பையன் வந்து கேட்டால், தலை வலிக்கிறது என்று சொல்லுங்கள். விரலைத் தேய்க்காமல் நீட்டுங்கள். போய் வந்தவர்கள் யாரிடம் யோசனை கேட்டாலும், அவர்கள் குழுவில் எத்தனை பேர் திரும்பினார்கள், ஏன் திரும்பினார்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரின் யோசனையை வாங்காதீர்கள்.

‘சில அனுபவக் குறிப்புகள்’ என்று தலைப்புப் போட்ட தாள் உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப் போடுங்கள். நகல் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்திருந்தால், தயவுசெய்து அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.